ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். தாயும் தந்தையும் குழந்தையிடம் தமிழில் பேசுவார்கள். குழந்தை அதனை நன்றாகப் புரிந்துகொள்ளும். ஆனால் விடையை இந்தியிலோ, மராத்தியிலோ, வங்காளத்திலோ, ஆங்கிலத்திலோ கூறும். இந்த இருமொழி உரையாடல் ஆண்டுக்கணக்காக நடைபெறும். வீட்டில் யாருக்கும் அதனால் ஒரு குறையும் தோன்றுவதில்லை. ஊரிலிருந்து பாட்டி வந்து சேரும் நாளில்தான் குறை தெரிகிறது.

ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, தமிழ் வழங்காத ஊரில், தமிழ் எழுத்தையும் படிப்பையும் எவ்வாறு அறிமுகம் செய்யலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லேன். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். 'செயல்வழிக் கற்றல்' என்றும், 'அடிப்படை எழுத்தறிவு' என்றும் பல கோப்புகளில் எழுதியிருக்கிறேன். அச்சொற்களுக்கு என்ன பொருள் என்பது, ஓர் ஆறு வயதுப் பையன் எதிரே வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டில் என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு நானே தமிழ் கற்பிப்பதென்று உறுதி பூண்டேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகளும் அச்சிட்ட பெரிய அட்டவணை ஒன்றை ஊரிலிருந்து வாங்கிவந்து கூடத்துச் சுவரில் மாட்டினேன். அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நாள்தோறும் அரைமணி நேரம். எழுத்து ஒன்றுக்குப் பத்து முறை. ககர வரிசை முடிந்து ஙகர வரிசைக்கு வந்தோம். ஙி, ஙீ, ஙு, ஙூ என்று வரிசை முழுவதையும் அக்குழந்தை எழுதினாள். அவற்றைக் கொண்டு ஒரு சொல்லேனும் சொல் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் நானே விழித்திருப்பேன். சகர வரிசை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் ஏட்டைக் காணவில்லை. இரண்டு வாரம் கழித்து, பரணில் வைத்திருந்த குளிர்காலத்து ரஜாய்களின் மடிப்புக்குள் அது அகப்பட்டது. அதன்பின் அவளும் கேட்கவில்லை; நானும் வற்புறுத்தவில்லை. அவ்வாண்டுத் தீபாவளிக்கு என் தாயார் வந்து ஒரு மாதம் தங்கியிருந்தார்கள். பால்கனியில் மாலைவேளைகளில் பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரிடம் தமிழ் தவிர வேறு மொழி இல்லை. மற்றவர் தமிழில் வாய் திறப்பதில்லை. இருவரும் தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மகனுக்கு ஆறு வயதானபோது, அதாவது 2022ஆம் ஆண்டில், அதே தவற்றை மறுமுறையும் செய்ய எனக்குத் துணிவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியும். அவை எங்கள் குடியிருப்புக்குத் தொலைவில் இருந்தன. ஆகவே பக்கத்து வீடுகளின் தமிழ்ப் பிள்ளைகள் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு, குடியிருப்பின் பொது அறையில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு வகுப்பைத் தொடங்கினோம். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. அட்டவணையும் இல்லை.

முதல் நாள் வகுப்பு முற்றிலும் தோல்வியுற்றது. கதை சொல்லத் தொடங்கினேன். இருவர் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். ஒரு சிறுமி தண்ணீர் கேட்டாள். உடனே ஏழு பேருக்கும் தாகம் எடுத்தது. அன்றிரவு எனக்கு ஆறுதல் அளித்தது குஜராத்தியக் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவின் 'திவாஸ்வப்னம்' என்னும் நூல். வழக்குரைஞர் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்வியில் ஈடுபட்ட கிஜுபாய், 1920இல் பாவநகரில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கியவர். 1932இல் வெளிவந்த இந்நூலில், கற்பனையான ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஏற்று ஓராண்டுக் காலம் சோதனை செய்கிறார். முதல் நாள் அவர் மௌன விளையாட்டு நடத்த முயல்கிறார். வகுப்பு அமளிப்படுகிறது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதையுடன் வருகிறார். அப்போதுதான் வழி திறக்கிறது. இந்தியக் கல்வி நூல்களுள் மிகுதியாகப் போற்றப்படும் ஒன்று, தோல்வியுற்ற ஒரு வகுப்பிலிருந்து தொடங்குகிறது என்பது என் போன்ற கற்றுக்குட்டிகளுக்குப் பெருந்துணை.

எனக்கு ஒரு வேற்றுமை இருந்தது. கிஜுபாயின் ஆசிரியருக்குக் கதை கைகொடுத்தது. ஏனெனில் அவருடைய மாணவர்களுக்குக் கதையின் மொழி சொந்த மொழி. என் மாணவர்களுக்கோ தமிழ் காதில் மட்டும் இருந்தது, நாவில் இல்லை. ஆகையால் அவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்வதற்கு முன், எழுந்து நின்று ஆடச் செய்ய வேண்டியிருந்தது.

இங்கே தமிழே எனக்கு ஒரு வழியைக் காட்டிற்று. ட, ப, ம என்னும் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ட என்பது இரண்டு நேர்க்கோடுகள். ப என்பது மூன்று. ம சற்று வளைந்தாலும் ப எழுதிய கைக்கு அது கடினமன்று. அகரத்தின் சுழியோடும் இகரத்தின் வளைவோடும் ஆறு வயது விரல்கள் போராடத் தேவையில்லை. இம்மூன்றையும், தலைமேல் வைக்கும் புள்ளியையும் கற்றுக்கொண்ட குழந்தை முதல் நாளே படம், மடம், பட்டம், மட்டம் என்று படித்துவிடும். அடுத்த வாரம் க, ல சேர்ந்தால் கல், பல், கடல், பகல், கட்டம், கப்பல். உயிர்க்குறி ஒன்றுகூட இன்னும் வரவில்லை. ஆயினும் கடலும் கப்பலும் வந்துவிட்டன.

இதே எழுத்துகளில் இன்னொரு புதையலும் உண்டு. படபட, மடமட, கடகட, கலகல. இவற்றைப் பெரிய அட்டைகளில் எழுதிக்கொண்டேன். அட்டையை உயர்த்திக் காட்டுவேன். நான் வாய் திறக்க மாட்டேன். குழந்தைகள் படித்து, அதனைச் செய்துகாட்ட வேண்டும். 'படபட' என்றால் கைகளைச் சிறகாக அடித்துக்கொள்வார்கள். 'மடமட' என்றால் இல்லாத குவளையிலிருந்து தண்ணீர் குடிப்பார்கள். 'கடகட' என்றால் ஒருவர் பின் ஒருவராக வண்டிபோல் அறையைச் சுற்றி ஓடுவார்கள். 'கலகல' என்ற அட்டை வந்தால் எல்லாரும் சிரிக்க வேண்டும். முதலில் பொய்யாகச் சிரிப்பார்கள். பிறகு அது மெய்யாகிவிடும். ஒரு மாதம் சென்றபின் 'சலசல', 'பளபள', 'தகதக' ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டோம். இரட்டைக்கிளவி என்ற பெயரை அவர்கள் என்றேனும் இலக்கண நூலில் காணட்டும். இப்போது அது ஓடவும் பறக்கவும் உதவுகிறது, அது போதும்.

இந்த விளையாட்டில்தான், 'தமிழில் விடை சொல்' என்று யாரும் கேளாமலே, பிள்ளைகள் தமிழில் வாய் திறந்தார்கள். அட்டையைப் பிடிக்கும் முறை தங்களுக்கு வரவேண்டும் என்று போட்டியிட்டார்கள். 'மாமா, இப்ப நான்' என்று ஒரு பையன் சொன்னான். அது வரையில் என்னிடம் அவன் இந்தியைத் தவிர வேறு மொழி பேசியதில்லை.

வடமாநிலங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலருக்குத் தேவநாகரி எழுத்து ஓரளவு தெரிந்தபின்தான் தமிழெழுத்து வருகிறது. இதனைப் பெற்றோர் பெரும்பாலும் ஓர் இடையூறாகக் கருதுகிறார்கள். என் கருத்து அதற்கு மாறானது. ஆனால் அக்குழந்தைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை நாம் முன்கூட்டியே தெரிந்துவைத்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு ஆசிரியர்க்காக எழுதப்பட்ட கையேடுகளில் இத்தடுமாற்றங்களைத் தேடுவதில் பயனில்லை. அவை அங்கே பெரும்பாலும் எழுவதில்லை.

முதல் தடுமாற்றம் புள்ளி. தேவநாகரியில் எழுத்தின் தலைமேல் புள்ளி வைத்தால் அது மூக்கொலியைக் குறிக்கும். தமிழில் அதே இடத்தில் வைக்கும் புள்ளி, எழுத்திலுள்ள அகரத்தை நீக்கிவிடும். ஆகவே நான் 'கல்' என்று எழுதினேன். ஒரு சிறுமி 'கலம்' என்று படித்தாள். 'பல்' என்று எழுதினேன், 'பலம்' என்றாள். அவள் கவனக்குறைவாகப் படித்தாள் என்று நினைத்து நான் இருமுறை திருத்தினேன். அவள் தான் கற்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றினாள் என்பது மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. இதற்குப் பொட்டு உதவிற்று. பிள்ளைகள் ஆளுக்கோர் எழுத்தட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஓட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து, எந்த எழுத்துக்குப் புள்ளி வேண்டுமோ அந்த எழுத்தைப் பிடித்திருப்பவரின் நெற்றியில் ஒட்டுவேன். பொட்டு வைத்தவர் தம் எழுத்தின் ஒலியைச் சொல்லத் தொடங்கிய உடனே உதட்டின்மேல் விரலை வைத்து நிறுத்திவிட வேண்டும். 'க' என்பான் ஒருவன். 'ல்' என்று சொல்லிச் சட்டென்று நிறுத்துவாள் மற்றொருத்தி. பொட்டை எடுத்துவிட்டால் அது 'கல'; ம் பிடித்த பையன் பொட்டுடன் ஓடிவந்து நின்றால்தான் 'கலம்'. இரண்டு ஞாயிறுகளில் இக்குழப்பம் தீர்ந்தது. பையன்களும் பொட்டுக்குப் போட்டியிட்டது நான் எதிர்பாராதது.

இரண்டாவது தடுமாற்றம் இதனினும் சுவையானது. 'மாமா, இது எந்தப் ப? முதல் பவா, மூன்றாவது பவா?' என்று ஒருவன் கேட்டான். இந்தியில் பகர வரிசையில் நான்கு ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒன்றே. 'பம்பரம்' என்னும் சொல்லில் இரண்டு பகரங்கள். ஒலியோ வேறு வேறு. பெரியவர்களாகிய நாம் இதனை ஒருபோதும் கவனித்ததில்லை. 'அப்படித்தான், மனப்பாடம் செய்' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நான் அவர்களைத் தங்கள் கழுத்தின்மேல் கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். பட்டம் என்று சொல்லுங்கள். படம் என்று சொல்லுங்கள். 'ட்ட' என்னும் இடத்தில் தொண்டை அதிர்வு நிற்கிறது; 'ட' தனியே வரும்போது நிற்பதில்லை. அப்புறம் தக்காளி, தங்கம், பச்சை, மஞ்சள், பத்து, பந்து, கப்பல், பம்பரம். அரைமணி நேரம் பிள்ளைகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். வெளியே போனவர் ஒருவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றார். முடிவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, 'மூக்கில் பேசும் எழுத்துக்கு அடுத்து வந்தால் அதிரும். இரட்டையாக வந்தால் அதிராது' என்று தன் சொற்களில் கூறினாள். அந்த விதியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

குறில் நெடில் விஷயத்திலும் இவ்வாறே. இந்தியில் நெட்டேகாரமும் நெட்டோகாரமும் உண்டு. எகர ஒகரக் குறில்களுக்கு அங்கே தனி எழுத்து இல்லை. ஆகையால் 'எடு' என்பது இக்குழந்தைகளுக்கு 'ஏடு' ஆகிவிடும். 'கொடு' என்பது 'கோடு' ஆகிவிடும். கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கூறுவதை நினைத்து, குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு நொடி என்று விரலை நொடிக்கச் சொன்னேன். ஆறு வயதுக் குழந்தைக்கு விரல் நொடிக்க வராது என்பது எனக்குத் தெரியாமற் போயிற்று! கை தட்டுவதாக மாற்றிக்கொண்டோம். பிறகு அதனினும் மேலான ஒன்றை என் மகனே கண்டுபிடித்தான். ஒரு ரப்பர் வளையத்தை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு, நெடில் வந்தால் இழுத்து நீட்டினான், குறிலென்றால் விட்டுவிட்டான். கொடு, கோடு. பெட்டி, பேட்டி. தொடு, தோடு. இன்று எங்கள் வகுப்பில் ஏழெட்டு ரப்பர் வளையங்கள் நிலையாக உண்டு.

இந்தி செய்யும் உதவியையும் சொல்ல வேண்டும். மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து புது ஒலி பிறக்கும் என்னும் கருத்தை இக்குழந்தைகளுக்கு விளக்கத் தேவையே இல்லை. அது அவர்களுக்குப் பள்ளியில் பழகியது. ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கலாம் என்பதும் அவர்களுக்குப் புதிதன்று; தேவநாகரியின் இகரக்குறி அவ்வாறே நிற்கிறது. ஆகவே கெ, கே, கை எளிதில் வந்துவிட்டன. கொ, கோ ஆகியவற்றுக்கு மட்டும், இருபுறமும் இரு காவலர் நிற்கிறார்கள் என்று சொன்னேன். 216 உயிர்மெய்களையும் வரிசை வரிசையாக எழுதச் செய்வதற்கு ஓராண்டு பிடித்திருக்கும். குறிகளைத் தனித்தனியே அறிமுகம் செய்து, தெரிந்த எழுத்துகளோடு பொருத்திப் பார்க்கவிட்டபோது மூன்று திங்களில் பெரும்பகுதி முடிந்தது. ஙகர வரிசையை நான் தொடவே இல்லை. 'ங்' ஒன்று போதும். 'மாங்காய்' என்று எழுதும்போது அது தானாக வந்தது.

நாவைப் பற்றிய பாடத்துக்கு ஆளுக்கொரு சிறு கண்ணாடி வேண்டும். ல சொல்லும்போது நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுகிறது. ள சொல்லும்போது நுனி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழ சொல்லும்போது வளைகிறது, ஆனால் எதையும் தொடுவதில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டு புலி, புளி என்றும், பல்லி, பள்ளி என்றும், வால், வாள், வாழை என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம்; சொன்ன சொல்லுக்குரிய படத்தை அடுத்தவர் எடுத்துத் தர வேண்டும். புளி கேட்டவருக்குப் புலிப் படம் கிடைத்தால் பிழை யாருடையது என்று ஒரு வழக்கு நடக்கும்.

இனிப் பேச்சு வழக்குக்கு வருகிறேன். இது பற்றித் தமிழாசிரியர்கள் என்னோடு மாறுபடக்கூடும். குழந்தை வீட்டில் கேட்பது 'வந்துச்சு'. ஏட்டில் இருப்பது 'வந்தது'. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு, தமிழ்நாட்டுக் குழந்தைக்குச் சிறு வாய்க்கால். தில்லிக் குழந்தைக்கு யமுனை. தொடக்கத்தில் நான் செந்தமிழில் மட்டும் கதை சொன்னேன். அது தங்களுக்குத் தெரிந்த மொழி என்றே அவர்கள் உணரவில்லை. பிறகு வீட்டுத் தமிழில் சொன்னேன். கதை முடிந்ததும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வாக்கியம் சொல்லும். சொன்னதைச் சொன்னபடியே பெரிய தாளில் எழுதுவேன். 'யானெ தண்ணி குடிக்க வந்துச்சு' என்று ஒருவன் சொன்னால் அப்படியே எழுதுவேன். தான் வாயால் சொன்னது எழுத்தாகி எதிரே நிற்பதைக் கண்ட குழந்தை, அதனை எவ்விதத் திணறலுமின்றிப் படித்துவிடுகிறது. அதன்பின், 'இந்த யானை இப்போது புத்தகத்துக்குள் போகப் போகிறது. நல்ல சட்டை போட வேண்டும்' என்று சொல்லி, அடியில் 'யானை தண்ணீர் குடிக்க வந்தது' என்று எழுதுவேன். வீட்டுச் சட்டை, வெளிச்சட்டை என்று இரண்டுக்கும் பெயர் வைத்துக்கொண்டோம். வீட்டுச் சட்டை கிழிந்த சட்டை என்று குழந்தை எண்ணிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சைத் திருத்தினால் குழந்தை பேசுவதை நிறுத்திவிடும். இதனை நான் என் வீட்டிலேயே கண்டவன்.

பொருள்களைப் பற்றி ஒரு சொல். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறை இந்தியாவில் பரவியபோது, அதற்குரிய கருவிகளின் விலை ஏழைப் பள்ளிகளுக்கு எட்டவில்லை. மராட்டிய நாட்டில் பழங்குடிக் குழந்தைகளிடையே உழைத்த தாராபாய் மோதக், அவ்வவ்விடத்தில் கிடைக்கும் இலை, விதை, கல், கிளிஞ்சல் ஆகியவற்றையே கருவிகளாக்கிக்கொண்டார். எங்களுக்குத் தில்லியில் புளியங்கொட்டை கிடைப்பது அரிது, ராஜ்மா கிடைக்கிறது. பல்லாங்குழிப் பலகைக்கு மாற்றாக முட்டை அடுக்கும் அட்டையைப் பதினான்கு குழிகளாக வெட்டிக்கொண்டோம். குழிக்கு ஐந்து ராஜ்மா; மொத்தம் எழுபது. தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் செய்கிறோம். பிழையென்றால் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். அழிப்பானால் தாளைக் கிழிக்கும் துயரம் இல்லை. அந்த ரவை பிறகு உப்புமாவுக்கு ஆகாது என்பது ஒன்றே குறை.

பல்லாங்குழியில் எண்ணும்போது மற்றொன்றும் புலனாயிற்று. இந்தியில் ஐம்பத்தொன்பதை 'உன்சட்' என்பார்கள். அறுபதுக்கு ஒன்று குறைவு என்பது அதன் பொருள். நூறு வரையுள்ள எண்ணுப்பெயர்களை அங்கே ஏறத்தாழ ஒவ்வொன்றாகவே கற்க வேண்டும். தமிழில் ஐம்பதும் ஒன்பதும் சேர்ந்தால் ஐம்பத்தொன்பது. பள்ளியில் கணக்குக்கு அஞ்சிய ஒரு பையன், தமிழில் எண்ணத் தொடங்கியதும் நூறு வரை தங்குதடையின்றிச் சென்றான். தொண்ணூறில் மட்டும் ஒரு கணம் நின்று, 'இது ஏன் இப்படி?' என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. 'எத்தனை எழுத்து முடிந்தது?' என்று ஒருவர் மாதந்தோறும் கேட்பார். மகன் ரவையில் விளையாடிவிட்டு வருகிறான் என்பது அவருக்கு மனக்குறை. ஒரு முறை அவர் மனநிறைவுக்காகப் போட்டி ஒன்று வைத்துப் பரிசும் கொடுத்தேன். பரிசு பெறாத மூவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அவர்களுள் ஒருத்தி பிறகும் வரவேயில்லை. அதற்குமுன் சில வாரம் நலிந்த குரலில் பேசினாலும் வாக்கியம் முழுவதையும் தமிழில் சொல்லத் தொடங்கியிருந்தவள் அவள். அவள் வீட்டுக்குச் சென்று அழைத்தேன்; பயனில்லை. அது என் கணக்கில் எழுத வேண்டிய இரண்டாவது பிழை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தை அடித்தளப் பருவம் என்று வகுத்து, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் தாய்மொழியிலோ வட்டார மொழியிலோ கற்பிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தின்கீழ் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடலும் ஆடலும் பொம்மையுமாகப் பாடம் நடைபெற்றது. ஆனால் தில்லியிலோ, போபாலிலோ, ஆமதாபாத்திலோ உள்ள தமிழ்க் குழந்தைக்கு வட்டார மொழி வேறு, தாய்மொழி வேறு. அதற்குரிய தமிழ் பெரும்பாலும் எந்தப் பள்ளியின் கால அட்டவணையிலும் வருவதில்லை. அது ஞாயிற்றுக்கிழமையிலும் அடுக்களையிலுந்தான் வர வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நாங்கள் வகுப்பு நடத்துவதில்லை. அதிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தவர்கள் எழ வேண்டும், எழுந்தவர்கள் உட்கார வேண்டும். ஏழு பேராகத் தொடங்கிய வகுப்பில் இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு பிள்ளைகள் அனைவரும் ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அஞ்சலட்டை எழுதினார்கள். என் மகன், 'பாட்டி, நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்' என்று எழுதினான். நான் திருத்தவில்லை. அவன் பாட்டி தொலைபேசியில் கூப்பிட்டு, 'பல்லி சௌக்கியமா இருக்காடா?' என்று கேட்டு நெடுநேரம் சிரித்தார்கள். பின்னர்ப் பதிலும் எழுதினார்கள். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர்கள் அவர்கள். ஆகவே லை, னை ஆகியவற்றைப் பழைய முறையில், துதிக்கை போன்ற கொக்கியுடன் எழுதியிருந்தார்கள். அவ்வட்டை வகுப்புக்கு வந்தது. யானைத் துதிக்கை வைத்த எழுத்தைக் கண்டு பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்று முழுவதும் தலை, மலை, வலை, யானை எல்லாவற்றுக்கும் துதிக்கை முளைத்தது. பாட்டியின் எழுத்துக்கும் புத்தகத்தின் எழுத்துக்கும் என்ன வேற்றுமை என்று அவர்கள் உற்று நோக்கிய அளவுக்கு, நான் எழுதிய எதையும் உற்று நோக்கியதில்லை.

அட்டைகளை வெட்டவும், ராஜ்மாவை எண்ணிவைக்கவும் ஒருவர் துணை வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் வீட்டில் சொன்னேன். என் மகள், 'நான் வருகிறேன்' என்று இந்தியில் சொன்னாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது கடந்துவிட்டது. ஞாயிறுதோறும் வந்து சிறுவர்களிடையே உட்கார்ந்துகொள்கிறாள். தாம்பாளங்களைக் குலுக்கித் தருகிறாள். அவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றையும் வாய்க்குள் படித்துப் பார்க்கிறாள். சென்ற வாரம் கண்ணாடிப் பாடம் நடந்தது. பிள்ளைகள் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தார்கள். அறையின் ஓரத்தில் அவள் ஒரு கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, நா எங்கே வளைகிறது என்று பார்த்தவண்ணம் 'வாழை, வாழை' என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.